விஷமில்லா வெந்நீர் வட்டம்

மனித குலம் குளிரை இரண்டு முறை வென்றிருக்கிறது. முதல் முறை, குகைக்குள் எவனோ கல்லோடு கல்லை உரசியபோது. இரண்டாம் முறை, யார்க்‌ஷயர் மலையடிவாரத்தில் இருக்கும் ஆக்டன்ராய்டு ஊரில், லயனல் கார்ஸைடு தம் வரவேற்பறையில் 'விஷமில்லா வெந்நீர் வட்ட'த்தைத் தொடங்கி வைத்தபோது. முதலாமவனின் பெயர் நமக்குத் தெரியாது. பாவம், அவனுக்குக் கூட்டம் நடத்தத் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஊர் வீடுகளில் கொதிகலனிலிருந்து கிளம்பும் வெந்நீர், குழாய் வழியே அறைக்கு அறை சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர் என்ற இரும்புப் பலகைக்குள் சுற்றி வந்து அறையைச் சூடாக்கும். இரும்புக்குள் தண்ணீர் நின்றால் துருப்பிடிக்கும் என்பது இரும்புக்கே தெரியும். ஆகவே பரணில் இருக்கும் தொட்டியில் ஒரு குப்பி துருத்தடுப்பு மருந்தை ஊற்றிவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்பது ஊர் வழக்கம்.

இந்தக் கொடுமையைத்தான் லயனல் 'ரசாயன வன்முறை' என்று கண்டறிந்தார்.

"தண்ணிக்கும் மனசு இருக்கு, கண்ணுகளா. அதுக்கு மருந்து குடுத்து மயக்கி வெச்சிருக்கோம்" என்றார்.

பள்ளியில் இசை கற்பித்து ஓய்வுபெற்ற ரோஸலிண்ட் சக்டெனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றே வீட்டுக் குழாய்களில் இருந்த நீரையெல்லாம் வடித்துவிட்டாள். மாதந்தோறும் அமாவாசைக்குப் 'புது உயிர்நீர்' நிரப்பவேண்டும் என்றார் லயனல். நிரப்பினாள். கணவர் கிளைவ் வாங்கி வைத்திருந்த மருந்துக் குப்பியையும், மூடி தொலைந்துபோனதால் அவருடைய பச்சைக் காலுறையை அதன் வாயில் திணித்து, வட்டத்தில் ஒப்படைத்தாள்.

"விஷத்தைக் குப்பையில போடாதீங்க. எங்கிட்டக் குடுங்க, முறைப்படி அப்புறப்படுத்துறேன்" என்று எல்லோரிடமும் குப்பிகளை வாங்கிக்கொண்டார் லயனல். பொதுநலத்துக்கு ஓய்வேது?

பேருந்து ஓட்டி நுரையீரலைப் புகைக்குக் காணிக்கை கொடுத்திருந்த கிளைவுக்கு இந்தத் தத்துவம் ஏறவில்லை.

"ஏம்மா ரோஸ், இந்த ரேடியேட்டர் மேல மட்டும் சுடுது. கீழ தொட்டா பொணம் மாதிரி சில்லுனு இருக்கே."

"தண்ணி இன்னும் பழகலை."

"அது பழகறதுக்குள்ள நான் போயிடுவேன் போல."

ஜனவரியில் படுக்கையறை ரேடியேட்டர் அடியில் துரு தங்கி ஓட்டை விழுந்து, புது உயிர்நீர் தார் போலக் கறுப்பாகக் கம்பளத்தில் வழிந்தது. கிளைவ் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினார். தூங்கியதைவிட இருமியதுதான் அதிகம். ரோஸலிண்ட் பயந்துபோய் அவரையும் இழுத்துக்கொண்டு வட்டத்தின் கூட்டத்துக்குப் போனாள்.

லயனலின் வீடு அடுப்படி போலக் கதகதத்தது. தலைவர் அரைக்கைச் சட்டையில் அமர்ந்திருந்தார். "இது தியானச் சூடு" என்றார் அடக்கத்தோடு. வந்தவர்கள் கையுறையைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நாற்காலி போதவில்லை. பரணிலிருந்து ஒன்றை எடுத்துவரப் போன ரோஸலிண்ட், நாற்காலி இல்லாமல் இறங்கி வந்தாள். அவள் கையில் ஒரு காலிக் குப்பி. அதன் வாயில், மூடிக்குப் பதிலாகக் கிளைவின் பச்சைக் காலுறை திணிக்கப்பட்டிருந்தது.

"லயனல், உன் தொட்டிக்குப் பக்கத்துல ஊர்க் குப்பி மொத்தமும் இருக்கு. எல்லாம் காலி. புனல் வேற."

"அப்புறப்படுத்துறேன்னு சொன்னேனே, கண்ணு."

"எங்க அப்புறப்படுத்தின? உன் ரேடியேட்டர்லயா?"

அந்த ஆள் மேலிருந்த கோபத்தைவிட, தன் கையாலேயே தன் வீட்டு நீரை வடித்த நினைவுதான் ரோஸலிண்டை அதிகம் சுட்டது.

லயனல் கண்களை மூடினார். திறந்தபோது அவை கலங்கியிருந்தன.

"ஆமா. உங்க அத்தனை பேர் வீட்டு விஷத்தையும் என் ஒரு வீடே தாங்கட்டும்னு முடிவு பண்ணேன். சொன்னா தடுப்பீங்கன்னு சொல்லலை."

"ஐயோ, என்ன தியாகம்!" என்று முன்வரிசை பெரில் அம்மாள் விம்மினாள். ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். குளிரில் விறைத்த விரல்களுக்கு அதுவும் நல்லதுதான்.

"அடப் பைத்தியங்களா! இவன் குளிர் காயுறான், நீங்க விசிறி விடுறீங்க!" என்று கத்தினாள் ரோஸலிண்ட். "கிளைவ், எழுந்திரு. போலாம்."

"கொஞ்சம் இரும்மா" என்றார் கிளைவ், ரேடியேட்டரைக் கட்டிக்கொண்டு. "இப்பத்தான் கால்ல உணர்ச்சி வருது."

'ஊர் விஷம் உண்ட உத்தமர்' என்ற பட்டம் லயனலுக்கு ஒருமனதாக வழங்கப்பட்டது. ரோஸலிண்டின் எதிர்ப்பு 'குளிர்ந்த மனநிலை' என்று ஒதுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. உலகத்துக்காக ஆலகாலத்தை அருந்தித் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டார். லயனல் அவரையும் மிஞ்சிவிட்டார். ஊர் விஷத்தைத் தம் குழாயில் நிறுத்திக்கொண்டு, தொண்டையில் நிற்கும் பாக்கியத்தைக் கிளைவின் சளிக்கு விட்டுக்கொடுத்தார்.