எதற்கும் நிற்காத ‘வந்துடும்’

சென்னையில் எதற்காகவும் காத்து நிற்காத ஒரே ஜீவன் எங்கள் ஆழ்வார்பேட்டை ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிற, நாங்கள் ‘வந்துடும்’ என்று கூப்பிடுகிறவர்தான். லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார். மெஸ்ஸில் தோசைக்கு டோக்கன் கொடுத்துவிட்டு, எதிரே அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்து, அந்த இடைவெளியில் கொத்தமல்லியும் வாங்கிவிடுவார். “தோசை என்னய்யா ஆச்சு?” என்றால், “வந்துடும் நைனா.” வந்தும்விடும்.

நான் நேர் எதிர். தோசைக்கல்லை முறைத்தபடி கவுன்டரை அடைத்துக்கொண்டு நிற்கிற ரகம். நான் எழுதிய புரோகிராமும் அப்படியே. ஒரு கிளினிக்குக்காகச் செய்தது. நோயாளியின் பெயரை சர்வரிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை திரை மொத்தமும் உறைந்து நிற்கும். அன்று மூன்று மணிக்கு கிளினிக் டாக்டர் அதைப் பார்க்க வருகிறார். அவர் உதட்டைப் பிதுக்கினால் ஐம்பது வயதில் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வந்துடும் எட்டிப் பார்த்தார். “இன்னா நைனா, இதுவும் உன்ன மாதிரியே கவுன்டர்ல நின்னுக்கினு கீது? ‘ஏசிங்க்’ போடு. ஆர்டர குட்த்துட்டு மத்த வேலய பாக்கும்.”

போட்டேன். பயத்தில், கண்ட இடத்திலெல்லாம் போட்டேன். திரை துள்ளி ஓடியது.

மூன்று மணிக்கு டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “யாருங்க இந்த ‘ஆப்ஜெக்ட் ப்ராமிஸ்’? என் பேஷன்ட் எல்லாருக்கும் இதே பேரா?”

அங்கேயே மயங்கி விழுந்தால் வைத்தியத்துக்கு ஆள் இருக்கிறார் என்பது ஒன்றுதான் ஆறுதல். அவர் கையில் காபியைக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன். கதவருகிலேயே நின்றிருந்தார் வந்துடும். அவர் ஏன் நிற்கிறார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

“‘ப்ராமிஸ்’னா ‘பேரு அப்பால வரும்’னு கம்ப்யூட்டர் குடுக்குற வாக்கு நைனா, பேரு இல்ல. டோக்கன் குட்த்த, சரி. தோச வர்றதுக்குள்ள வெறும் தட்ட அவராண்ட நீட்டிட்டியே. பேரு காட்ற எடத்துல ‘அவெய்ட்’ போடு. அங்க மட்டும் நிக்கணும். மத்ததெல்லாம் ஓடட்டும்.”

உள்ளே ஓடிப்போய் அந்த ஒரு வார்த்தையை மூன்று தடவை தப்பாக அடித்தேன். நாலாவது தடவை ‘குப்பம்மாள்’ என்று திரையில் வந்தது.

“ஆங், இவங்களத் தெரியும்,” என்று காபியை உறிஞ்சினார் டாக்டர்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்தால் வந்துடும் இன்னும் அதே கதவருகில். கையில் ஆடை படிந்த டீ. காலில் செருப்பில்லை, மத்தியானம் தைக்கக் கொடுத்ததை வாங்கவே போகவில்லை.

“என்னய்யா, வேற வேலை இல்லையா?” என்றேன்.

“கீது. நீ வந்துடுவன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

லிஃப்ட் பொத்தானை நான் அழுத்தினேன். தண்ணீர் பிடிக்க யாரும் போகவில்லை. இருவரும் சும்மா அதன் முன்னால் நின்றோம்.