புகையில்லா ஏலக்காய்

போடிமெட்டுக்கு மேலே ஜக்கையனின் ஏலத்தோட்டத்தில் வெப்பப் பம்பு மூச்சை நிறுத்தியபோது, ஏல விவசாயிகள் சங்கத் தலைவர் பிரபாகரனின் ஜீப்பு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது.

விறகே எரிக்காமல், மண்ணுக்கடியில் குழாய் பதித்து, மண்ணின் சூட்டைப் பம்பால் இழுத்துக் காய் உலர்த்துகிறவர் என்று ஜக்கையனுக்கு இன்று 'பசுமைச் செம்மல்' பட்டம். போர்த்த வேண்டிய சால்வையைக்கூட ஜக்கையனே வாங்கிச் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார்.

மெக்கானிக் கார்த்தி போனில் கையை விரித்தான்.

"உள்ள ஓடுற காஸு கொஞ்சங்கொஞ்சமாக் கசிஞ்சு காத்தோட போயிருச்சுண்ணே. மதுரையிலருந்து வரணும். ரெண்டு நாளாகும்."

"புரொப்பேன்தானப்பா? ஓசோனுக்கே கெடுதல் பண்ணாத காஸுன்னு ஊரு பூரா பேசியிருக்கேன். சமையல் காஸுக்குப் பங்காளின்னியே, அடுப்படி சிலிண்டர மாட்டவா?"

"மாட்டுங்க. பட்டத்த உங்க போட்டோவுக்குத்தான் குடுப்பாக."

உலர்த்தும் அறை ஆறிக்கொண்டிருந்தது. வேலைக்காரி செல்லத்தாய் பதறினாள்.

"மொதலாளி, முந்நூறு கிலோ பச்சைக்காய் உள்ள கெடக்கு. இப்பிடியே விட்டா வெளுத்துப்போகும். பழைய அடுப்ப மூட்டிருவோமா?"

"மூட்டு. ஆனா புகை வரக்கூடாது."

புகை வந்தது. ஜக்கையன் புகைபோக்கியில் ஈரச்சாக்கை அடைத்தார். புகை அடுப்பு வாய் வழியே திரும்பி வாசலுக்கு வந்து நின்றது.

"மிசினு சத்தமே இல்லையே மொதலாளி?"

"ஆமால்ல! வீட்டுக் கிரைண்டரத் தூக்கியாந்து மிசினு அறைக்குள்ள ஓட்டு. வெரசா!"

வெறும் கல் ஓடினால் தேயுமே என்று ஊறவைத்திருந்த உளுந்தை மொத்தமாகப் போட்டாள் செல்லத்தாய்.

ஜீப்பு வந்து நின்றது. பிரபாகரன் இருமிக்கொண்டே இறங்கினார்.

"என்ன ஜக்கையன், புகையா இருக்கு?"

"மலை மூட்டம்ங்க."

"கண்ணு எரியுதே?"

"மூலிகை மூட்டம்ங்க."

பிரபாகரன் மிசினு அறைக் கதவில் காது வைத்தார். கரகரவென்று கேட்டது. "ஓட்டம் பிரமாதம்!" என்றார். அந்நேரம் கதவிடுக்கில் வெள்ளையாக நுரை பொங்கி அவர் செருப்பைத் தொட்டது.

"இது?"

ஜக்கையன் நுரையைக் காலால் உள்ளே தள்ளினார். "அதான்ங்க... மிசினுக்குள்ள ஓடுற இயற்கைக் குளிர்பொருள். கொஞ்சம் உபரி."

பிரபாகரன் ஒரு விரலில் தொட்டு முகர்ந்து, "நயம் சரக்கு" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். சால்வை ஏறியது. செல்லத்தாய் மாவுக் கையோடு தட்டினாள்.

பிழைத்தோம் என்று பின்பக்கம் போன ஜக்கையன் திடுக்கிட்டார். ஜீப்பு டிரைவர் சின்ராசு அடுப்பு வாயில் குத்தவைத்து, விறகை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"யப்பா, தலைவர்ட்ட சொல்லிறாத! இன்னைக்கு ஒருநாளுதான்..."

"அட ஏண்ணே பதறுறீக? அவருதான் அனுப்புனாரு. தலைவரு தோட்டத்துலயும் இதே மிசினு, இதே கததான். என்னத்தப் போட்டு எரிச்சாலும் இதவிட மூணு பங்கு புகை. நீங்க என்ன மரம் போடுறீகன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு!"