ஏழு மணிக்கு மேல் தமிழ் கிடையாது

மதிப்பிற்குரிய மச்சான் தினகரன் அவர்களுக்கு,

திருமழிசையிலிருந்து பக்தவத்சலம் வணக்கத்துடன் எழுதுவது. நான், உங்கள் தங்கை ரேகா, மகள் பவித்ரா, எருமை நால்வரும் நலம். ஆவடி குவார்ட்டர்ஸில் நீங்களும் சுதா அக்காவும் நலம்தானே? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். ஃபாக்டரியிலிருந்து வந்து ஏழு மணிக்குத்தான் போனை எடுக்கிறீர்கள், எட்டுக்கெல்லாம் தூங்கிவிடுகிறீர்கள். ஏழிலிருந்து எட்டு வரை எனக்குத் தமிழ் கிடையாது.

நீங்கள் சொல்லித்தானே பிள்ளையை மூன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன்? தினமும் ஒரு மணி நேரம் வீட்டில் எல்லோரும் இங்கிலீஷ் மட்டும் பேசிவிட்டு டைரியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார். பொய்க் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. ஏழு அடித்ததும் டிவியை நிறுத்திவிட்டு மூவரும் பாயில் உட்காருகிறோம். என்னிடம் இருப்பது ஓகே, சூப்பர், தேங்க்யூ. ரேகாவிடம் கம், ஈட். இதை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் ஓட்டுவது? போன வாரம் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, மூவரும் பார்க்கிறோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு வனஜா ஓடி வந்து, "அண்ணாத்தே, உன் எருமை அவுத்துகினு வந்து என் கீரையெல்லாம் மேஞ்சுகினு கீது!" என்கிறாள். மணி ஏழு இருபது. நான் என்ன செய்வேன்? "ஓகே, தேங்க்யூ" என்றேன். "இன்னாய்யா, கொழுப்பா?" என்று ஆரம்பித்தவள் எட்டு மணி வரை நிறுத்தவில்லை. ரேகாவுக்கு நாக்கு துடிக்கிறது. பாவம், டைரியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் போகட்டும் மச்சான், பிள்ளை பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவள் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் சரியா தப்பா என்று நான் போனில் தட்டிப் பார்ப்பேன். அதற்குள் அவள் முகம் சுருங்கிவிடும். வாயாடி என்று கொஞ்சுவீர்களே, இப்போது தமிழில் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுகிறாள். வெள்ளிக்கிழமை வகுப்பின் முன்னால் நின்று வீட்டைப் பற்றி இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டுமாம். "முடியாதுப்பா" என்று நேற்று அழுதாள். ஆகவே வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கு வாருங்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்த ஒரு மணி நேரத்தை ரத்து செய்யும்படி மிஸ்ஸிடம் கேட்டுவிடுவோம். நீங்கள்தான் இங்கிலீஷில் கேட்க வேண்டும்.

சுதா அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் பால் பொங்கும்போது சொல்வதற்கு ஆள் இருக்கட்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பக்தவத்சலம்

பி.கு.: லீவு போட வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் மாட்டுக் கொட்டகையில் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். பவித்ரா எருமையிடம் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்கிறாள் மச்சான்! மூச்சு விடாமல் வருகிறது. நடுநடுவே மில்க், வனஜா ஆன்ட்டி, டாடி, போன் என்று என் காதில் விழுந்தது. "அதுகிட்ட மட்டும் எப்படிம்மா பேசுற?" என்றேன். "அது தப்பு கண்டுபுடிக்காதுப்பா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமைப் பேச்சை இதற்குள் இரண்டு தரம் எருமையிடம் சொல்லி முடித்துவிட்டாள். இன்றிலிருந்து ஏழு மணிக்குக் கொட்டகையில்தான் உட்காரப் போகிறோம். ரேகா இப்போதே புல்லுக்கட்டோடு போய் இடம் பிடித்துவிட்டாள். வனஜாவுக்குச் சொல்லாமல் விட்டதை எருமையிடம் சொல்லிப் பழக வேண்டுமாம்.