பெண் பார்க்கும் நாளில் ஒரு கண்ணீர் அஞ்சலி

செத்துப் போனவர்களுக்காக அழுவதில் தப்பே இல்லை. ஆனால் எந்த வாசலில் நின்று அழுகிறோம் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அழுவது நல்லது. நான் பார்க்காமல் அழுதேன். அதனால் என் அக்காவின் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப் போனது. எங்கள் வீட்டில் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். எனக்கு மட்டும் இன்றைக்கும் காது சூடாகிவிடும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் வேலை. உலகத்தில் எந்த மூலையில் எந்தப் பழைய கால்பந்து வீரர் இறந்தாலும் ராயபுரத்தில் நான் துக்கம் அனுஷ்டிப்பேன். ஒருவருக்காக ஒரு வாரம் சவரம் செய்யவில்லை. இன்னொருவருக்காக நண்பன் கல்யாணத்தில் பிரியாணியைத் தொடவில்லை (சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் சாப்பிட்டேன், அது கணக்கில் வராது என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன்). ஷேர் ஆட்டோவில் ஒரு நிமிட மௌனம் காத்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதும் உண்டு.

ஒரு சனிக்கிழமை இரவு என் தெய்வமே போய்விட்டார். கடல் கடந்த தேசத்து ஃபார்வர்டு. பேரைச் சொல்ல மாட்டேன். செத்த மனிதரை இன்னொரு தடவை இந்த வம்பில் இழுக்க மனசு வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாந்தி அக்காவைப் பெண் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து வருவதாக இருந்தார்கள். அக்கா நர்ஸ், முப்பத்தொரு வயது. அதற்கு முன் நாலு இடத்திலிருந்து வந்து, பஜ்ஜி தின்றுவிட்டு, பதில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். இது ஐந்தாவது. ஜாதகம் பொருந்தி, போனிலேயே பாதி முடிந்த மாதிரி இடம். முதலில் பையனின் அப்பா அம்மா மட்டும் வருவார்கள். நாலரைக்கு ராகு காலம், அதனால் மூன்றரைக்கே வரச் சொல்லியிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். மூன்று மணிக்குள் அஞ்சலியை முடித்து, வாசலைக் காலி செய்துவிடலாம் என்பது என் திட்டம்.

காலையில் பிளெக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கேட்டார்: "மேல இன்னா வாசகம் போடணும்?"

"படிக்கிறவன் அழுவணும்ணா. அந்த மாதிரி போடு."

அவர் கைவசம் ரெடியாக வைத்திருந்ததைப் போட்டார்: 'எங்கள் இல்லத்தின் ஒளிவிளக்கு அணைந்தது.' கீழே, நரைத்த தாடியோடு என் தெய்வத்தின் கடைசிக் காலப் படம். அதற்கும் கீழே அவருடைய பெயர், நாடு, ஒரு பந்து.

தெருமுனையில் பேனர் கட்ட இடமில்லை. கட்சிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் கட்டினோம். பேனர் எட்டடி, சுவர் ஐந்தடி. அடியில் மிச்சமிருந்ததை மடித்து உள்ளே செருகினோம். பெயர், நாடு, பந்து எல்லாம் மடிப்புக்குள் போய்விட்டன. பெண் பார்க்க வருபவர்களுக்காக அப்பா வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பேனர் முன்னால் இரண்டு வரிசையாகப் போட்டோம். சாவு வீட்டில் வழக்கமாகப் பாடும் கானாவைப் பாட, என் தோஸ்து டில்லி டேப் என்கிற தோல் மேளத்தோடு வந்து உட்கார்ந்தான்.

அப்பா விருந்தாளிகளை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அம்மா உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். டில்லியின் பாட்டு அவளுக்கும் கேட்டது. பக்கத்துத் தெருவில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, "பாவம்" என்று சொல்லி அடுத்த வாழைக்காயை எண்ணெயில் போட்டாளாம்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. வயதான கணவனும் மனைவியும் இறங்கினார்கள். பேனரைப் பார்த்தார்கள். அந்த அம்மா கையிலிருந்த பூவும் பழமும் அடங்கிய பையைச் சட்டென்று வேனுக்குள் திருப்பிக் கொடுத்தார். ஐயா தெருமுனைக்கு நடந்து போய் ஒரு மாலை வாங்கி வந்து பேனரில் போட்டார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்து ரசிகர்கள் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள்! (அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் மொத்தம் பதினோரு பேர்.) ஓடிப்போய் நாற்காலி போட்டேன்.

"எப்பப்பா ஆச்சு?" என்றார் அவர்.

"நேத்து நைட்டு சார். ஹார்ட்டு."

"அவரு உனக்கு இன்னா ஒறவு வேணும்?"

"எல்லாமே அவர்தான் சார். அவர பாத்துகினேதான் வளந்தேன்."

"கடைசில பக்கத்துல இருந்தியா?"

"எங்க சார்... வெளிநாடு. நம்மளால போவ முடியுமா?"

"பாடி எப்ப வருது?"

"வராது சார். அங்கியே அடக்கம் பண்ணிடுவாங்க."

"அய்யோ, மொகம் கூட பாக்க முடியலியே" என்று அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் அந்தப் பெரியவர் தோளில் சாய்ந்து தேம்பினேன். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். பத்து நிமிஷம் தலை குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, சாவு வீட்டு முறைப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். 'எவ்வளவு பண்பான மனுஷங்க' என்று டில்லியிடம் சொன்னேன்.

கால் மணி நேரத்தில் அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் போன்.

"யாருடா செத்தது?"

நான் பேனரைக் காட்டினேன். அப்பா படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டேஷனில் நின்றவருக்குப் போன் வந்திருக்கிறது: 'ரயில்ல வரதா இருந்தோம், வேன் கெடச்சிது. வந்து பாத்தா இப்படி. பெரியவர் பாடியக்கூட கொண்டாற முடியலன்னு உங்க புள்ள ஒரே அழுவ. மனச தேத்திக்கோங்க. துக்கம் கழியட்டும், அப்புறம் பேசிக்கலாம்.'

அப்பா திரும்பப் போன் போட்டு உண்மையைச் சொன்னார். கெஞ்சினார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் அவர் கோபப்படவே இல்லை. "பொண்ணு பாக்க வந்த வாசல்ல நானே மாலை போட்டுட்டேன் சார். இனிமே அந்தப் படி ஏற என் சம்சாரம் ஒத்துக்க மாட்டா" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே அக்கா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். முந்தின இரவு டூட்டி பார்த்துவிட்டு வந்து, தூங்காமல் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் இன்னும் நல்லது என்று நினைத்தேன். அவள் பூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

"அவரு நெறைய கோல் போட்டிருக்காராடா?"

"நெறையக்கா."

"நீ ஒண்ணுதான் போட்ட. அதுவும் சேம் சைடு கோல்."

சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "இன்னிக்கு லீவு வேணாம் சிஸ்டர், நைட்டுக்கு வந்துடறேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பட்ட வெட்கத்தை இன்னும் பட்டு முடிக்கவில்லை. அவளுக்கு டிபன் பாக்ஸில் அன்றைக்கு ஆறிப்போன பஜ்ஜிதான் போனது. பேனரை நான் தனியாக அவிழ்த்தேன். மடிப்பு விரிந்ததும் பந்து தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு எண்ணூரில் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர். பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பக்கத்து வீட்டில் வைத்துப் பூட்டினார்கள் என்று மாமா ஊரெல்லாம் சொல்கிறார். பூட்டவில்லை, தாழ்ப்பாள்தான் போட்டார்கள்.

போன மாதம் அக்கா வீட்டு டிவியில் ஒரு பழைய கோல்கீப்பர் இறந்த செய்தி. மனசு கனத்துவிட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருப் பாதியில் நடக்கும்போது மூன்றாவது மாடியிலிருந்து குரல் வந்தது:

"டேய்! சொல்லிட்டுப் போடா! இது சாவு வூடு இல்ல!"

மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"போயிட்டு வரேங்க்கா!" என்று கத்தினேன்.

"கேக்கல. இன்னொரு தபா சொல்லு."