நிரம்பாத வண்டியை எடுக்க மாட்டேன்

ஷேர் ஆட்டோ ஓட்டிப் பழகினவன் வேறெந்த வண்டிக்கும் லாயக்கில்லை. மற்ற டிரைவர்கள் சண்டைக்கு வரலாம், நான் ஒத்துக்கொள்கிறேன். விமான நிலையத்து பஸ் சர்வீஸின் சரித்திரத்திலேயே மிகக் குறைந்த காலம் வேலை பார்த்த டிரைவர் அடியேன்தான். மொத்தம் ஒரு நடை. அதுவும் பாதி நடை.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் டோல்கேட் வரை ஏழு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியபின், ரெஜினாவைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்பட்டு அவள் அப்பா முன்னால் போய் நின்றேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் மணி அடிப்பதற்கு முன்பே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா, என் பொண்ண கட்டிக்கினு டோல்கேட் டோல்கேட்னு கத்திக்கினு இருக்கப் போறியா? யூனிஃபார்ம் போடுற வேல ஒண்ணு பாத்துகினு வா. அப்பால பேசலாம்."

யூனிஃபார்ம்தானே! ஹெவி லைசென்ஸ் கையில் இருந்தது. விமான நிலையத்தில் ஒரு முனையத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே இலவச பஸ் விடப்போவதாக ஒரு தோஸ்து சொன்னான். அதற்கு முன்னால் அங்கே நடந்தது பெரிய கொடுமை. உள்ளூர் விமானத்தில் வந்திறங்கி வெளிநாட்டு விமானம் ஏறப்போகிறவர்கள், கொளுத்தும் வெயிலில் டிராலியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். அப்புறம் ஒரு பேட்டரி வண்டி விட்டார்கள். அது மத்தியானத்துக்கு மேல் மூச்சை விட்டுவிடும். (டிராலியைத் தள்ளினவர்கள் வண்டியைத் தள்ளினார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம்.) கடைசியில் ஒரு கான்ட்ராக்டர் ஏசி பஸ்ஸைக் கொண்டுவந்தார். அதன் முதல் நாள், முதல் டிரைவர் நான்.

சூப்பர்வைசர் தெளிவாகத்தான் சொன்னார். "இருபது நிமிஷத்துக்கு ஒரு டிரிப். ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் டைமுக்கு எடுத்திரணும். புரிஞ்சுதா?"

தலையை ஆட்டினேன். காதில் ஒன்றும் ஏறவில்லை. நீலச் சட்டையில் தோளுக்குத் தோள் பட்டை வைத்துத் தைத்திருந்தார்கள், அதையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா (அப்போது 'சார்') சும்மா விடுவாரா? வேலை நிஜம்தானா என்று பார்க்க, மின்சார ரயில் பிடித்து முதல் நாளே வந்துவிட்டார். எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்து ஒரு தூத்துக்குடிப் பெண் ஏறினாள். நர்ஸ். மஸ்கட்டில் வேலை கிடைத்து முதன்முதலாக வெளிநாடு போகிறாள்.

பத்து இருபதுக்கு எடுக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டே பேர்.

மாதா சத்தியமா, கை சாவிக்குப் போகவில்லை. இவ்வளவு பெரிய வண்டியை இரண்டு பேரோடு எடுப்பதா? எங்கள் லைனில் அப்படி எடுத்தவனோடு ஒருத்தன் டீ குடிக்க மாட்டான். இறங்கினேன். கதவைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"இன்டர்நேஷனல் இன்டர்நேஷனல் இன்டர்நேஷனல்! வா சார், வா! ஒரே சீட்டு கீது! ஒடனே எடுக்குது!"

(உள்ளே மைதானமாகக் காலி. ஆனாலும் 'ஒரே சீட்டு' என்றுதான் சொல்ல வேண்டும், அது தொழில் தர்மம்.)

கோயம்புத்தூரிலிருந்து வந்து, வேளச்சேரியில் இருக்கும் சொந்த வீட்டுக்குப் போக டாக்சி தேடிய ஒரு பெரிய குடும்பத்தை ஏற்றினேன். "டாக்சி எல்லாம் அந்தாண்டதான் சார் கீது." பூச்செண்டோடு யாருக்காகவோ காத்திருந்தவரை ஏற்றினேன். "நான் இங்கதாங்க நிக்கணும்" என்றார் பாவம். "உள்ள ஏசி கீது, ஒக்காந்துகினு வெயிட் பண்ணு சார்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இருவர் சீட்டில் மூவரை அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னேன்.

"தம்பி, பத்து முப்பத்தஞ்சு ஆச்சு," என்றார் மாமா.

"இதோ சார், இன்னும் நாலு பேரு."

"அண்ணே, கவுண்டர மூடிருவாவ. இந்த வேலைக்கு ரெண்டு வருசமா காத்துக் கெடந்தேன்," என்று அந்தப் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"அழாதம்மா, நாலே பேருதான்." அழுகிற பிள்ளையிடம் அப்படிச் சொன்ன அந்தப் பயலை இப்போது பார்த்தாலும் செருப்பால் அடிப்பேன்.

மாமா எழுந்து பஸ்ஸின் பக்கவாட்டில் படார் படார் என்று தட்டினார். "டேய், எட்றா வண்டிய!"

எடுத்தேன். பாதி வழியில் ஒரு பாதுகாப்புக் காவலர் கையை வீசி, இங்கே நிற்காதே, போய்க்கொண்டே இரு என்று எல்லா வண்டிகளுக்கும் சைகை காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ரோட்டில் கை நீட்டினால் ஒரே அர்த்தம்தான். பிரேக் போட்டேன். கதவைத் திறந்தேன்.

"ஏறு சார், முன்னாடியே ஒக்காந்துக்கலாம்."

துப்பாக்கி வைத்திருந்தவரிடம் சொன்னேன் இதை!

ஏறினார். ஆனால் உட்காரவில்லை. ஒவ்வொருவரையும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். "வேளச்சேரி," என்றது குடும்பம். "எனக்கே தெரியல சார்," என்றார் பூச்செண்டு. அதோடு என் மானம் கப்பலேறியது. எல்லாரையும் இறக்கினார்கள்.

மாமா யாரையும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். இன்னொரு பெட்டியோடு பின்னாலேயே நானும் ஓடினேன். கவுண்டரை மூடப்போகும் நேரத்தில் கடைசி ஆளாக அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

திரும்பி வந்தால் சூப்பர்வைசர் நிற்கிறார். "சட்டையைக் கழட்டு. அது கம்பெனியோடது."

தெருவே பார்க்கட்டும் என்று வீட்டிலிருந்தே யூனிஃபார்மில் வந்திருந்தேன். மாற்றுச் சட்டை ஏது? பனியனோடு மின்சார ரயிலில், வெள்ளைச் சட்டை மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வேலை போனால் போகட்டும், ரெஜினா போய்விட்டாளே என்பதுதான் கவலை. பீச் ஸ்டேஷன் நெருங்கியது.

"நா ஏறும்போது வண்டில எத்தினி பேரு?" என்றார் திடீரென்று.

"நீங்களும் அந்தப் பொண்ணும், சார்."

"எறங்கும்போது?"

"இருபத்திநாலு."

"அதுல எத்தினி பேரு அங்க போவணும்?"

யோசித்துப் பார்த்தேன். "ஒருத்திதான் சார்."

முறைத்தார். அப்புறம் ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "போவவே வாணாம்னு நின்னுகினு இருந்தவன இட்டாந்து ஏத்திட்டியேடா! எம் பொண்ணு பட்டினி கெடக்க மாட்டா. யூனிஃபார்ம் இன்னா யூனிஃபார்ம்? போய் ஆட்டோவ எடு."

இப்போது அந்த பஸ்ஸின் கதவில், 'பயணிகள் குறைவாக இருந்தாலும் குறித்த நேரத்தில் புறப்படும்' என்று எழுதியிருக்கிறதாம். என் பெயரைத்தான் போடவில்லை.

கல்யாணத்தன்று கோயிலுக்கு நான் வரக் கொஞ்சம் லேட். "மாப்ள எங்கே?" என்று ஃபாதர் கேட்டதற்கு, "நாலு பேரு கொறையுது ஃபாதர், கூவிகினு இருப்பான்," என்று மாமா மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் எனக்கு விடுதலை இல்லை. மூன்றாவது குழந்தை பிறந்ததும் பிரசவ வார்டுக்குள் ஓடினேன். ரெஜினா களைத்துப் படுத்திருந்தாள். குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யோவ், வண்டி ஃபுல்லு. எடு."