ஸ்கூட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை கோபிநாத் அவர்களுக்கு,

அரிமளத்திலிருந்து உங்கள் மாமனார் சேவுகன் எழுதுவது. கோவையில் நீங்களும் பிரகதீஸ்வரியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் சுகம்தான் கொஞ்சம் கூடிப்போய்ச் சட்டைக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. போனில் பேசலாமென்றால் உங்கள் அத்தை பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

நான் ரிட்டயர் ஆனபோது நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டரைப் பற்றித்தான் விஷயம். வேலையில் இருந்தவரை வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடை, புதுக்கோட்டையில் இறங்கி ஆபீசுக்கு நடை, சாயங்காலம் அதே நடை திரும்பவும். பஸ்ஸைத் திட்டிக்கொண்டே போய்வந்தேன். உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஸ்கூட்டர் வந்தபின் டீக்கடைக்கும் அதுதான், பக்கத்துத் தெரு ரேஷன் கடைக்கும் அதுதான். வயிறு வளர்ந்தது, சுகர் வந்தது, முழங்கால் பேச ஆரம்பித்தது. டாக்டரம்மா வனிதா என்னை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுல போனா ரெண்டு பக்கமும் நடை இருக்குங்க. ஒங்க வண்டி வாசல்ல ஏத்தி வாசல்ல எறக்குது. இப்புடியே போனா ஊசிதான்" என்று சொல்லிவிட்டார்.

பயந்துபோய் மறுநாளே நடந்தேன். நம் ஊரில் வண்டி வைத்திருப்பவனை யாரும் நடக்க விடமாட்டார்கள், மாப்பிள்ளை. "வண்டி ரிப்பேரா சார்? ஏறுங்க" என்று சார்லஸ் வாத்தியார் பைக்கை நிறுத்தினார், மறுத்தால் வருத்தப்படுவாரே என்று ஏறினேன். அடுத்த நாள் கண்டக்டர் நாகராசு விசிலடித்து டவுன் பஸ்ஸையே என் முன்னால் நிறுத்தி, "ஸ்டாப் வரைக்கும் எதுக்குங்க நடக்குறீங்க, இங்கிட்டே ஏறுங்க" என்றார். பஸ் நிறைய சனம் பார்க்கிறது, என்ன செய்ய, ஏறினேன். இதற்குள் பால்காரச் செவந்தி உங்கள் அத்தையிடம், "மாப்பிள்ளை வண்டியத் திருப்பி வாங்கிட்டாராமே?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறாள். உங்கள் அத்தை அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. "மாப்பிள்ளைக்குக் கெட்ட பேரு வாங்கித் தரவா நடக்குறீங்க? வெளிய போனா வண்டியோட போங்க!" என்று ஒரே அழுகை.

வண்டியோடு போனேன். ஏறாமல் உருட்டிக்கொண்டு போனேன். நடையும் ஆயிற்று, உங்கள் பேரும் நின்றது என்று நினைத்தேன். எங்கிருந்தோ வந்த சார்லஸ் வாத்தியார் தன் பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்து என் டேங்கில் ஊற்றி, ஏற்றி உட்காரவைத்து, ஸ்டார்ட்டும் செய்து அனுப்பினார்.

எனக்குத் தெம்பில்லை, மாப்பிள்ளை. அடுத்த முறை வரும்போது, உங்கள் தம்பிக்குத் தேவைப்படுகிறது என்று நீங்களாகவே சொல்லி வண்டியைக் கொண்டுபோய்விடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

மகளுக்கு என் ஆசிகள். மாடி வீட்டில் இருக்கிறீர்கள், படியேறிப் பல்லாண்டு வாழ வேண்டும். லிஃப்ட் இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

மூச்சு வாங்கியபடி,
சேவுகன்

பி.கு.: வண்டியை எடுக்க வரவேண்டாம். கடிதத்தை உங்கள் அத்தை படித்துவிட்டாள். நான் மத்தியானம் தூங்கும் நேரத்தில் வாத்தியார் மனைவி இசைவாணியிடம் பள்ளிக்கூட மைதானத்தில் ஸ்கூட்டர் பழகியிருக்கிறாள். எனக்கு இன்றுதான் தெரியும். திருமயத்தில் ஒரு காதுகுத்து. பட்டுச்சேலை கட்டி, வண்டியைக் கிளப்பிவிட்டாள். பின்னால் ஏறக் காலைத் தூக்கினேன். "நீங்க ஏறுனா வண்டி தாங்காது. பஸ்ஸுல வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.