தோசை மாவுக்குக் கனடா விசா

என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யை ஆங்கிலத்தில் சொன்னேன். அதையும் சொந்தமாகச் சொல்லத் தெரியாமல், விழுப்புரத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்து, இருபது நாள் மனப்பாடம் செய்து சொன்னேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. திண்டிவனத்தில் தோசை மாவு அரைத்து விற்கும் கடை நடத்திவந்தோம். கல்லாவில் உட்காருவது, ஸ்கூட்டரில் கடைகளுக்குப் பாக்கெட் போடுவது, விசிட்டிங் கார்டில் ‘நிறுவனர்’ என்று அச்சடித்துக்கொள்வது ஆகியவை என் வேலை. அரிசி வாங்குவது, ஊறவைப்பது, அரைப்பது, பதம் பார்ப்பது எல்லாம் என் மனைவி விஜயா. (இப்படிப் பிரித்து எழுதினால் எப்படித் தெரிகிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.)

மயிலத்தில் ஒரு கல்யாணம். கனடாவிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“தொழில் பண்றவங்களுக்குன்னு தனி வழி இருக்குதுண்ணா. ஐடியா புதுசா இருக்கணும். அங்க இருக்கிற ஒரு கம்பெனி அதைக் கேட்டுட்டு, சரின்னு லெட்டர் குடுத்தா, குடும்பத்தோட வந்துறலாம்” என்றான்.

பாயசம் வருவதற்குள் நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். அந்த வாரக் கடைசியில் விஜயாவின் தம்பி தன் ஊரான அனந்தபுரம் கடைத்தெருவில் பேனரே வைத்துவிட்டான். ‘கனடா செல்லும் தொழிலதிபரை வாழ்த்தி வணங்குகிறோம்.’ என் தலையை யாரோ ஒருவருடைய கோட்டின் மேல் ஒட்டியிருந்தார்கள். அப்போது என்னிடம் பாஸ்போர்ட்கூட இல்லை. அந்த பேனரில்தான் அவன் இன்றைக்கும் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) காயவைக்கிறான்.

பேனர் வைத்த பிறகு போகாமல் இருக்க முடியாது. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு மாடியில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆலோசகர் ஒருவரைப் பிடித்தேன். டை கட்டியிருந்தார்.

“முதல்ல, மாவுன்னு சொல்றதை நிறுத்துங்க சார்” என்றார்.

“பின்ன என்னன்னுங்க சொல்றது?”

“ஃபெர்மென்டேஷன் சொல்யூஷன். மாவு அரைக்கிறதுல என்ன சார் புதுசு இருக்குது? மாவுல சென்சார் வைக்கிறோம். புளிச்சவுடனே போனுக்கு மெசேஜ் வருது.”

“அப்படி எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்களே.”

“ஐடியா இருந்தா போதும் சார்.”

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பஸ்ஸிலேயே குடியிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறையும். ஆதாரில் என் அப்பா ஏழுமலை. பள்ளிச் சான்றிதழில் எழுமலை. ரேஷன் கார்டில் ஏழுமலையான். மூவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனால், “இதுல உங்க இனிஷியல் இல்லையே சார்” என்பார் ஆலோசகர். முந்தின வாரம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், முந்தின வாரம் நான் அதைக் கேட்கவில்லையாம்.

தொழில் திட்டம் என்று அறுபத்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் மாவு என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. ஐந்தாம் ஆண்டில் நான் நாற்பது கனடாக்காரர்களுக்கு வேலை தருவதாக இருந்தது. திண்டிவனத்தில் என்னிடம் வேலைக்கு இருந்தது ஒரே ஆள். அவரும் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் விஜயாவிடம் அவ்வப்போது சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். சொன்னேனே தவிர, கேட்கவில்லை.

கடைசியில் அந்த நாள் வந்தது. லெட்டர் தர வேண்டிய கனடா கம்பெனியிலிருந்து மூன்று பேர் வீடியோவில் என்னைக் கேள்வி கேட்பார்கள். அவர்களுக்குக் காலை, நமக்குச் சாயங்காலம் ஆறரை மணி. ஆலோசகரின் அலுவலகத்திலேயே ஏற்பாடு. சித்திரைப் புழுக்கம். ஏசி சத்தம் மைக்கில் கேட்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்.

மேஜைமேல் லேப்டாப். பக்கத்தில் அழுத்தி மூடும் கண்ணாடி ஜாடி. விஜயா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மாவை அதில் முக்கால்வாசி ஊற்றினோம். ஜாடியின்மேல் ஜுரம் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை டேப் போட்டு ஒட்டினார் ஆலோசகர். அதிலிருந்து ஒரு நீல ஒயர் மேஜைக்கு அடியில் போய் அங்கேயே முடிந்தது.

“ஏங்க, மூடியை இந்த இறுக்கு இறுக்காதீங்க. மத்தியானமே வெயில் பட்ட மாவு. பொங்கிக்கினு வந்துரும்” என்றாள் விஜயா.

“மேடம், நீங்க கேமராவுல விழாம அந்த ஓரமா உக்காந்துக்குங்க” என்றார் அவர்.

“நீ கொஞ்ச நேரம் சும்மா இரு” என்றேன் நான்.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் நரைத்த தலையுடன் ஓர் அம்மா. நான் ஒப்பிக்கத் தொடங்கினேன். நான்கு நிமிடம் தடங்கலே இல்லை. பிறகு அந்த அம்மா, “அந்த ஒயர் எங்கே போகிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நானும் ஒயரைப் பார்த்தேன். “க்ளவுட்” என்றேன். (முப்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த வார்த்தை இருந்தது.)

“இப்போது சென்சார் என்ன சொல்கிறது?”

தெர்மாமீட்டர் தொண்ணூற்று நாலு காட்டியது. மாவுக்குக் காய்ச்சல் இல்லை என்பதைத் தவிர எனக்கு அதிலிருந்து ஒன்றும் புரியவில்லை. “வெரி குட் கண்டிஷன்” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒப்பித்தேன். ‘வேகமான வளர்ச்சி’ என்ற பத்திக்கு வந்திருந்தபோது ‘டப்’ என்று ஒரு சத்தம்.

மூடி பறந்துபோய் ஆலோசகரின் தாடையில் பட்டது. மாவு ஜாடியின் விளிம்பைத் தாண்டி, ஒயரோடு வழிந்து, நிதானமாக கீபோர்டில் இறங்கியது. அறிவுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நிறுத்தினால் மறந்துவிடும் என்ற பயத்தில் நான் அந்தப் பத்தியை முடித்துவிட்டுத்தான் மூச்சுவிட்டேன்.

விஜயா துண்டோடு ஓடிவந்து துடைத்தாள். இவர் யார் என்று அந்த அம்மா கேட்டார்.

“ஐ ஆம் மேக்கிங் திஸ், மேடம்” என்றாள். அவள் திண்டிவனம் காலேஜில் பி.ஏ. முடித்தவள். நான் பிளஸ் டூ ஆங்கிலத்தை மூன்றாம் தடவையில் தாண்டியவன்.

“அப்படியானால் சென்சார்?”

“நோ சென்சார்.” மாவு ஒட்டிய வலது கையைக் கேமராவுக்குக் காட்டினாள். “ஒன்லி ஹேண்ட்.”

ஆலோசகர் நாற்காலியிலிருந்து மெல்ல வழுக்கிக் கேமராவுக்குக் கீழே போய்விட்டார்.

கனடாக் குளிரில் மாவு எப்படிப் புளிக்கும் என்று அந்த அம்மா கேட்டார். மார்கழிப் பனியில் பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி வைப்பது, வெந்தயத்தை எவ்வளவு கூட்டுவது, உப்பை எப்போது போடுவது என்று பத்து நிமிடம் சொன்னாள் விஜயா. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள். துண்டு என் கைக்கு வந்திருந்தது. நான் கீபோர்டைத் துடைத்தபோது கேமரா அணைந்துவிட்டது. மேடத்தின் முகம் தெரியவில்லை, திரும்பப் போடுங்கள் என்றார்கள். என் முகத்தை யாரும் விசாரிக்கவில்லை.

இல்லாத சென்சாருக்குக் கடிதம் தர முடியாது என்று அந்த அம்மா மரியாதையாகச் சொல்லிவிட்டார். உண்மையான திட்டம் ஏதாவது இருந்தால் பிறகு வரலாம். ஆனால் மேடம்தான் முதன்மை விண்ணப்பதாரர், சார் அவரைச் சார்ந்திருப்பவராக, அதாவது டிபெண்டண்ட்டாக, உடன் வரலாம் என்றார். பிறகு விஜயாவைப் பார்த்து, “உங்களுக்குக் கனடா வர விருப்பமா?” என்று கேட்டார்.

விஜயா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “நோபடி ஆஸ்க்டு மீ, மேடம். யூ ஆர் ஃபர்ஸ்ட்” என்றாள்.

ஜாடி மூடி பறந்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் என் சட்டை புளித்து நாறியது. விக்கிரவாண்டி தாண்டியதும் மெதுவாகக் கேட்டேன்.

“உன் பேர்லயே போட்டுப் பாக்கலாமா? உனக்கு இஷ்டமா?”

“இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?”

“இப்பத்தான்.”

“வேணாங்க. அந்தக் குளிர்ல மாவையும் பாத்துக்கினு, உங்களையும் பாத்துக்கினு என்னால ஆவாது. கார்டுல மட்டும் ஓனர்னு என் பேரைப் போடுங்க.”

மறு வாரமே போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். டிபெண்டண்ட் கதையை அவள் தன் தம்பியிடம் சொல்ல, அவன் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “டிபெண்டண்ட் வந்துட்டாரு, இலையைப் போடு” என்பதுதான் வரவேற்பு.

போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வகுப்பு ஆசிரியர் மிகவும் தணிந்த குரலில் பேசினார்.

“சார், பாப்பா ஃபார்ம்ல அம்மா தொழில், சொந்தத் தொழில்னு எழுதியிருக்கு. அப்பா தொழில்ங்கிற இடத்துல டிபெண்டண்ட்னு எழுதியிருக்கு. உங்களுக்கு உடம்பு ஏதாச்சும் முடியலீங்களா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. பாப்பா சரியாத்தான் எழுதியிருக்குது” என்று சொல்லிவிட்டு, பாக்கெட் போட ஸ்கூட்டரை எடுத்தேன்.